மினி டிவி, டிவிகேம், டிஜிட்டல்8, எச்டிவி: கேம்கார்டர் டேப்புகளின் படத் தரத்தை ஒப்பிடுவது எப்படி?

வீட்டில் ஒரு பெட்டி நிறைய வீடியோ டேப் இருக்கிறது. எதை முதலில் கணினிக்கு ஏற்றுவது? ஒரே விழா இரண்டு டேப்பில் இருந்தால் எதை வைத்துக்கொள்வது? டேப்பை ஓட்ட எந்தக் கேமராவைத் தேடி வாங்குவது? டேப்பின் வகை தெரிந்தால் இந்த மூன்றுக்கும் விடை கிடைத்துவிடும். இதில் புதிதாக இறங்குகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, கேசட்டின் மேல் அச்சிட்ட பெயரைப் பார்த்தே தரத்தைத் தீர்மானிப்பது. கேசட் ஒரு பாத்திரம்தான். உள்ளே என்ன பதிவாகியிருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு சொல் விளக்கம். இந்தக் கட்டுரையில் ‘டிவி’ என்றால் டிஜிட்டல் வீடியோ என்ற பதிவு முறை. தொலைக்காட்சியைத் தொலைக்காட்சி என்றே எழுதியிருக்கிறோம். ‘எச்டிவி’யும் தொலைக்காட்சி அல்ல, மினி டிவி கேசட்டிலேயே எழுதும் உயர்தெளிவுப் பதிவு முறை. ‘டிவிகேம்’ தொழில்முறைக் கேமராக்களுக்காகச் சோனி கொண்டுவந்த டிவி வகை.

முதல் படி: அளவுகோலை எடுங்கள்

கேசட்டை அளந்தாலே பாதி வேலை முடியும். 66 மில்லிமீட்டர் நீளம், 48 அகலம், 12 தடிமன் இருந்தால் அது மினி டிவி கேசட். உள்ளே ஓடும் நாடா 6.35 மில்லிமீட்டர் அகலம். 95க்கு 62.5 என்று கொஞ்சம் பெரிதாக, கிட்டத்தட்ட ஆடியோ கேசட் அளவில் இருந்தால் அது 8 மில்லிமீட்டர் குடும்பம்: வீடியோ8, ஹை8, டிஜிட்டல்8 மூன்றும் இந்த ஓட்டுக்குள்தான் வரும். 125க்கு 78 என்று கையளவு இருந்தால் அது பெரிய டிவி கேசட். பெரும்பாலும் ஸ்டூடியோக்கள் டிவிகேம் பதிவுக்கு வைத்திருந்தது. தீப்பெட்டியை விடக் குட்டியாக, 46க்கு 30 என்று இருந்தால் மைக்ரோஎம்வி. அது அரிதாகத்தான் கையில் படும்.

மீதிப் பாதியைக் கேசட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. மினி டிவி ஓட்டுக்குள் சாதாரண வேகத்தில் (எஸ்பி) எடுத்த டிவி, எல்பி என்ற மெதுவான வேகத்தில் எடுத்த டிவி, டிவிகேம், எச்டிவி என்று நான்கில் எது வேண்டுமானாலும் இருக்கலாம். ‘ஹை8’ என்று அச்சிட்ட கேசட்டில் அனலாக் பதிவும் இருக்கலாம், டிஜிட்டல்8 பதிவும் இருக்கலாம். ‘எச்டிவி’ என்று அச்சிட்ட விலை கூடிய கேசட்டில் வெறும் டிவி பதிவு செய்தவர்களும் உண்டு. சாதாரணக் கேசட்டில் எச்டிவி எடுத்தவர்கள் அதைவிட அதிகம். ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஓடும்போது கேமராவின் திரை ஓரத்தில் எஸ்பி, எல்பி, டிவிகேம், எச்டிவி 1080ஐ (1080i) என்று ஏதாவது ஒரு குறி தெரியும். அதைக் கேசட்டின் சீட்டில் உடனே எழுதி வையுங்கள்.

ஓட்டும் முன் கேசட்டின் முதுகுப் பக்கமுள்ள சிறு தள்ளியைச் ‘சேவ்’ பக்கம் தள்ளிவிடுங்கள். தவறி ரெக்கார்ட் பொத்தான் அழுந்தினால் அந்தச் சில நொடிப் படம் போனது போனதுதான்.

இரண்டாம் படி: எண்களைப் புரிந்துகொள்ளுங்கள்

1995இல் வந்த டிவி முறை, ஒரு நொடிப் படத்தை 25 மெகாபிட்டுக்குள் சுருக்கி எழுதுகிறது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்கம். ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனியாகச் சுருக்கப்படுகிறது. பக்கத்து ஃப்ரேமை நம்பி எதுவும் இல்லை. இந்தியாவிலும் இலங்கையிலும் வழங்கிய பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் ஒரு ஃப்ரேம் 720க்கு 576 பிக்சல், நொடிக்கு 25 ஃப்ரேம். அமெரிக்கா, கனடா, ஜப்பானில் வழங்கிய என்டிஎஸ்சி முறையில் 720க்கு 480, நொடிக்கு ஏறத்தாழ 30 ஃப்ரேம்.

அதே ஆண்டில் பானசோனிக் டிவிசிப்ரோவையும், அடுத்த ஆண்டில் சோனி டிவிகேமையும், 1999இல் டிஜிட்டல்8ஐயும் கொண்டுவந்தன. இவை எல்லாமே அதே 25 மெகாபிட் டிவி முறைதான். ஒரே லென்ஸ், ஒரே சென்சார் வைத்த கேமராவில் ஒரு முறை எஸ்பியிலும் ஒரு முறை டிவிகேமிலும் எடுத்தால் படத்தில் வித்தியாசம் காட்ட முடியாது. “டிவிகேம்ல எடுத்தது, அதான் இவ்ளோ தெளிவு” என்று ஸ்டூடியோக்காரர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தெளிவு வந்தது அவர் கையிலிருந்த கேமராவால். நம் ஊர்க் கல்யாண மண்டபங்களில் நன்றாக அறிமுகமான சோனி பிடி150, பிடி170 கேமராக்களில் மூன்றில் ஓர் அங்குல அளவில் மூன்று சிசிடி சென்சார்கள் இருந்தன. வீட்டு ஹேண்டிகேம்களில் பெரும்பாலும் ஒரே ஒரு குட்டி சென்சார்தான். மண்டபத்து டியூப்லைட் வெளிச்சத்தில் அந்த வித்தியாசம் கண்ணில் அடிக்கும்.

அப்படியென்றால் டிவிகேமுக்கு ஏன் கூடுதல் விலை? சுழலும் ஹெட், அதாவது நாடாவில் எழுதும், படிக்கும் முனை, நாடாவின் மேல் சாய்வான கோடுகளாகத் தகவலை எழுதுகிறது. அந்தக் கோட்டின் அகலத்தில்தான் விஷயம் இருக்கிறது. எஸ்பியில் 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), எல்பியில் 6.7 மைக்ரான், டிவிகேமில் 15, டிவிசிப்ரோவில் 18, டிஜிட்டல்8இல் 16க்குச் சற்று மேல். கோடு அகலமானால் ஹெட் வழி தவறாமல் படிக்கும். நாடாவில் தூசியோ கீறலோ இருந்தாலும் தகவல் தப்பிக்கும். அகலமான கோட்டுக்கு நாடா வேகமாக ஓட வேண்டும். 60 நிமிட மினி டிவி கேசட் எஸ்பியில் 60 நிமிடமும் எல்பியில் 90 நிமிடமும் பிடிப்பது, டிவிகேமில் 40 நிமிடம் மட்டுமே பிடிப்பது இதனால்தான். டிஜிட்டல்8இலும் இதே கதை. பால் முறையின் 90 நிமிட ஹை8 கேசட்டில் 60 நிமிடம்தான் அடங்கும். ஆக, கொடுத்த பணம் படத்தின் தெளிவுக்கு அல்ல, இருபது வருடம் கழித்தும் அது படிக்கக் கிடைப்பதற்கு.

எல்பியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் எழுதியிருப்பதும் அதே 25 மெகாபிட் தகவல்தான், தரம் குறையவில்லை. ஆனால் கோடு இவ்வளவு குறுகலானபின், எடுத்த கேமராவின் ஹெட் ஒரு இம்மி சாய்ந்திருந்தாலும் வேறு கேமரா அதைப் படிக்கத் தடுமாறும். எல்பி டேப் கட்டம் கட்டமாக உடைந்து தெரிந்தால் டேப் கெட்டுப்போனது என்று தூக்கிப் போடாதீர்கள். அதை எடுத்த அதே கேமரா யாரிடமாவது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

நிறத்துக்கு ஒதுக்கிய இடம் இன்னொரு கணக்கு. கறுப்பு வெள்ளை விவரம் 720 பிக்சல் முழுதும் இருக்கிறது. நிறம் மட்டும் பால் டிவியில் குறுக்கிலும் நெடுக்கிலும் பாதியாகவும் (4:2:0), என்டிஎஸ்சி டிவியில் குறுக்கில் கால்வாசியாகவும் (4:1:1) பதிவாகிறது. டிவிசிப்ரோ பாலிலும் 4:1:1 தான். அரக்கு நிறப் பட்டுப்புடவையின் ஓரம் பல் பல்லாகத் தெரிவதும், குங்குமப் பொட்டின் சிவப்பு நெற்றியில் கசிவதும் இதனால்தான். தொலைக்காட்சி நிலையங்கள் 1993 முதல் பயன்படுத்திய டிஜிட்டல் பீட்டாகேம் நொடிக்கு 90 மெகாபிட்டில், நிறம் குறுக்கில் மட்டும் பாதியாகும் 4:2:2 முறையில் பதிவு செய்தது. அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் டிவி எதை விட்டுக்கொடுத்தது என்று புரியும்.

எச்டிவி: நன்மையும் அதற்குக் கொடுத்த விலையும்

2003இல் அறிவிக்கப்பட்ட எச்டிவி, அதே மினி டிவி கேசட்டில் அதே வேகத்தில் ஓடியது. 1080ஐ முறையில் 1440க்கு 1080 பிக்சல், பார்க்கும்போது 1920 அகலத்துக்கு விரியும். பால் டிவியைப் போல 3.75 மடங்கு பிக்சல். நொடிக்கு அளவோ அதே 25 மெகாபிட்தான். எப்படி அடைத்தார்கள்? எம்பெக்-2 சுருக்க முறை ஒவ்வொரு ஃப்ரேமையும் தனியாக எழுதுவதில்லை. நொடிக்கு 25 ஃப்ரேம் ஓடும் 50ஐ (50i) பதிவில் 12 ஃப்ரேம் ஒரு கொத்து. அதில் ஒன்று மட்டும் முழுப் படம், மற்றவை ‘முன்னதிலிருந்து என்ன மாறியது’ என்ற குறிப்புகள்.

இதன் பலன் மூன்று இடங்களில் தெரியும். அசையாத காட்சியில் எச்டிவி அருமை. கோயில் கோபுரம், மேடையில் உட்கார்ந்து பாடுபவர், கேமராவைப் பார்த்து நிற்கும் குடும்பம் எல்லாவற்றிலும் டிவியால் நெருங்க முடியாத விவரம் இருக்கும். திரையே மாறிக்கொண்டிருக்கும் காட்சியில் தகவல் போதாமல் படம் கட்டங்களாக இளகும். அட்சதை தூவும் நொடியில் போட்டோக்காரர்களின் ஃப்ளாஷ் வரிசையாக வெடித்தால், அந்தச் சில ஃப்ரேம்களை நிறுத்திப் பாருங்கள், புரியும். மூன்றாவது, நாடாவில் சிறு பழுது விழுந்தால் டிவியில் ஒரே ஒரு ஃப்ரேமில் நான்கு கட்டம் உடையும். எச்டிவியில் கொத்து முழுதும், அதாவது அரை நொடி வரை படம் உறைந்துவிடும். ஒலியும் டிவியில் சுருக்கம் செய்யாத 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். எச்டிவியில் 384 கிலோபிட் அளவுக்குச் சுருக்கியது. கச்சேரிப் பதிவு என்றால் இதைக் கணக்கில் எடுங்கள்.

மைக்ரோஎம்வி 2001இல் வந்தது. எம்பெக்-2 முறையில் நொடிக்கு 12 மெகாபிட். படம் மோசமில்லை, ஆனால் ஓட்ட அந்தச் சோனி கேமராக்களை விட்டால் வேறு கருவியே இல்லை. கேமரா ஓடும் நிலையில் இருந்தால் முதலில் இதைத்தான் ஏற்ற வேண்டும்.

மூன்றாம் படி: ஒப்பிடுவதற்கு முன் சரியாக ஏற்றுங்கள்

மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ வயரை யுஎஸ்பி குச்சியில் மாட்டி ஏற்றிவிட்டு, “டிஜிட்டல்8 மங்கலா இருக்கு” என்று முடிவுக்கு வருகிறவர்கள் நிறைய. அந்த வழியில் டிஜிட்டல் படம் ஒரு முறை அனலாக் ஆகி, மறுபடி டிஜிட்டலாகி, மறுபடி சுருங்குகிறது. அப்போது நீங்கள் ஒப்பிடுவது டேப்பை அல்ல, அந்தக் குச்சியை. டேப்பிலுள்ள பிட்டை அப்படியே நகலெடுக்கக் கிட்டத்தட்ட ஒரே வழி, ஃபயர்வயர் என்ற கேபிள் இணைப்பு. சோனி இதை ஐ.லிங்க் என்று எழுதும், வேறு பல கேமராக்களில் ‘டிவி’ என்று மட்டும் இருக்கும்.

தேவையானவை: கேமரா பக்கம் 4 ஊசி, கணினி பக்கம் 6 ஊசி உள்ள ஃபயர்வயர் கேபிள், டெஸ்க்டாப் கணினியில் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் கார்டு (டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்), கேமராவுக்கு பேட்டரி அல்லாமல் நேரடி மின் அடாப்டர். இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் ‘யுஎஸ்பி–ஃபயர்வயர்’ கேபிளை வாங்காதீர்கள். இரண்டும் வேறு வேறு மொழி பேசும் இணைப்புகள். ஊசி வடிவத்தை மட்டும் மாற்றும் வயர் இங்கே உதவாது. கேமராவிலேயே இருக்கும் யுஎஸ்பி துளையும் பெரும்பாலும் மெமரி கார்டுப் போட்டோவுக்கானது. ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்கள் கவனிக்க: மேக்ஓஎஸ் 26இல் ஃபயர்வயர் ஆதரவு எடுக்கப்பட்டுவிட்டது. பழைய பதிப்பு ஓடும் ஒரு மேக்கை இதற்கென்றே ஒதுக்குங்கள்.

கேபிளைச் செருகும்போது கேமராவும் கணினியும் அணைந்திருக்கட்டும். 6 ஊசி முனையில் மின்சாரமும் வருகிறது. தலைகீழாக அழுத்திச் செருகினால் கேமராவின் ஃபயர்வயர் சுற்று எரிந்துபோகும், அதற்குப் பிறகு அந்தக் கேமராவால் இந்த வேலைக்குப் பயனில்லை.

ஏற்றும் மென்பொருள்: விண்டோஸில் டிவிக்கு வின்டிவி, எச்டிவிக்கு எச்டிவிஸ்பிளிட். லினக்ஸில் டிவிகிராப் இரண்டையும் பார்த்துக்கொள்ளும். எச்டிவி கேமராவில் கேபிளைச் செருகும் முன்பே மெனுவுக்குள் போய், ஐ.லிங்க் மாற்றம் என்ற தெரிவு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது இயங்கிக்கொண்டிருந்தால் எச்டிவி டேப்பைக் கேமரா சத்தமில்லாமல் டிவியாகச் சுருக்கி அனுப்பும். கோப்பு 720க்கு 576 என்று காட்டினால் காரணம் இதுதான்.

ஏற்றி முடித்ததும் ஒரு சோதனை. பால் டிவியில் ஒரு ஃப்ரேம் சரியாக 1,44,000 பைட். ஒரு மணி நேரத்துக்கு 90,000 ஃப்ரேம், அதாவது 12.96 ஜிபி. மூல டிவி கோப்பின் அளவை 1,44,000ஆல் வகுத்தால் ஃப்ரேம் எண்ணிக்கை வரும். ஓடிய நேரத்தோடு ஒப்பிட்டால் எத்தனை ஃப்ரேம் தவறியது என்று தெரியும். ஏவிஐ கோப்பு என்றால் இதைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும், அது இயல்பு. எச்டிவி ஒரு மணி நேரம் சுமார் 12 ஜிபி வரும்.

ஃபயர்வயரில் ஏற்றிய டிவி கோப்பில் இன்னொரு செல்வமும் இருக்கிறது. படம் பிடித்த தேதியும் நேரமும் ஒவ்வொரு ஃப்ரேமோடும் பதிவாகியிருக்கும். கேமராவின் கடிகாரம் சரியாக இருந்திருந்தால், தாத்தா எந்த நாள் எத்தனை மணிக்கு அந்தக் கதையைச் சொன்னார் என்பதுவரை தெரியும். ஆர்சிஏ வழியில் இது மொத்தமும் தொலைந்துபோகும்.

நான்காம் படி: ஃப்ரேமை நிறுத்திப் பாருங்கள்

ஒப்பிடும்போது ஒரே வகைக் காட்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் எடுத்த டிஜிட்டல்8ஐயும் இருட்டு மண்டபத்து எச்டிவியையும் பக்கத்தில் வைத்தால் எச்டிவி தோற்றுவிடும். இதற்குச் சோனி கேமராக்களில் ஓர் உதவி இருக்கிறது. டேட்டா கோட் பொத்தானை அழுத்தினால், பதிவின்போது இருந்த ஷட்டர், ஐரிஸ் (லென்ஸின் திறப்பு), கெயின் (இருட்டில் கேமரா சிக்னலைப் பெருக்கும் அளவு) ஆகியவை திரையில் வரும். ஒன்றில் கெயின் 0 டெசிபெல், இன்னொன்றில் 18 என்றால், இரண்டாவதில் கொதிக்கும் புள்ளிகளுக்குக் காரணம் வெளிச்சக் குறைவு. டேப்பைக் குறை சொல்ல வேண்டாம்.

படத்தை அதன் முழு அளவில், ஒன்றுக்கு ஒன்றாகத் திரையில் வையுங்கள். முதலில் எழுத்துகள்: மேடைப் பின்னணியில் ஒட்டிய மணமக்கள் பெயர், பேருந்தின் ஊர்ப்பலகை. எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்ப்பதுபோல் புள்ளிகள் இருந்தால் அது டிவி சுருக்கத்தின் தடம். அடுத்து மல்லிகைச் சரமும் தலைமுடியும்: தனித்தனியாகத் தெரிகிறதா, பசையாக ஒட்டிவிட்டதா? பிறகு சிவப்புப் பொருளின் ஓரம். கடைசியாக, கேமரா வேகமாகத் திரும்பும் ஒரு நொடி.

இவை எல்லாம் இன்டர்லேஸ் பதிவுகள், ஒரு ஃப்ரேமில் இரண்டு ஃபீல்டு: ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் கோடுகள் ஒரு ஃபீல்டு, மீதிக் கோடுகள் அடுத்த ஃபீல்டு. அசையும் பொருளில் சீப்புப் பல் போன்ற கோடுகள் தெரிவது பழுது அல்ல. ஆனால் மென்பொருளில் ஃபீல்டு வரிசையைத் தவறாகச் சொன்னால் அசைவு முன்னும் பின்னும் துடிக்கும். டிவி, டிவிகேம், டிஜிட்டல்8 ஆகியவற்றில் கீழ் ஃபீல்டு முதலில், எச்டிவி 1080ஐயில் மேல் ஃபீல்டு முதலில். இரண்டையும் ஒரே திட்டத்தில் சேர்த்து எடிட் செய்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

பழுது என்று நினைத்தால்

படம் கிடைமட்டமாகப் பட்டை பட்டையாகப் பிரிந்து, ஒரு பட்டை ஓட அடுத்த பட்டை உறைந்து நின்றால், இரண்டு ஹெட்டில் ஒன்று அழுக்கால் அடைபட்டிருக்கிறது. பால் முறையில் ஒரு ஃப்ரேம் 12 கோடுகளில் எழுதப்படுகிறது. அவற்றை இரண்டு ஹெட்டும் மாறி மாறிப் படிப்பதால்தான் இந்த வடிவம். உலர் கிளீனிங் கேசட்டை 10 நொடி ஓட்டுங்கள், ரீவைண்ட் செய்யாமல் எடுத்துவிடுங்கள். மூன்று நான்கு முறைக்கு மேல் வேண்டாம், அது ஹெட்டைத் தேய்க்கும். அங்கங்கே சிதறிய ஒன்றிரண்டு கட்டங்கள் மட்டும் உடைந்தால் அது நாடாவின் பழுது. கடைசி வரை ஓட்டி, முழுக்க ரீவைண்ட் செய்து, இன்னொரு முறை ஏற்றுங்கள். இரண்டாம் முறை வேறு இடங்களில் உடைந்தால் இரண்டு கோப்பிலிருந்தும் நல்ல பகுதிகளைச் சேர்க்கலாம். டிவியில் ஒவ்வொரு ஃப்ரேமும் தனி என்பதால் இது சாத்தியம்.

கடலோர ஊர்களில் வைத்திருந்த டேப்பைக் கண்ணாடிச் சாளரம் வழியே வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் பூஞ்சை. அதைக் கேமராவுக்குள் போடவே கூடாது. ஹெட்டில் ஒட்டி, அடுத்து வரும் நல்ல டேப்புக்கும் பரவும். குளிர்சாதன அறையிலிருந்து வெளியே கொண்டுவந்த கேமரா ஈரப்பத எச்சரிக்கை காட்டினால், கேசட்டை எடுத்துவிட்டு, மூடியைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் பொறுத்திருங்கள்.

டேப் ஓடுகிறது, படம் மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் முறை பொருந்தவில்லை. எச்டிவி பதிவை வெறும் மினி டிவி கேமராவால் காட்ட முடியாது. டிவிகேமைப் பல சோனி கேமராக்கள் ஓட்டும், மற்றவை எல்லாம் ஓட்டுவதில்லை. டொரோன்டோவிலிருந்து உறவினர் அனுப்பிய டேப் என்டிஎஸ்சியாக இருக்கும், இங்கே வாங்கிய பால் கேமரா அதைச் சரியாகப் படிப்பது அரிது. அங்கேயே ஏற்றிக் கோப்பாக அனுப்பச் சொல்வது எளிது.

எந்தக் கேமரா, எந்தப் பிரதி?

பெட்டியில் பெரும்பாலும் 8 மில்லிமீட்டர் கேசட் என்றால், அனலாக் டேப்பையும் ஓட்டும் டிஜிட்டல்8 கேமரா ஒன்றைத் தேடுங்கள். எல்லா மாடலும் அப்படி ஓட்டாது, மாடல் எண்ணைச் சரிபார்த்து வாங்குங்கள். கிடைத்துவிட்டால் பழைய வீடியோ8, ஹை8 பதிவுகளையும் அதுவே டிவியாக்கி ஃபயர்வயரில் தரும். மினி டிவி என்றால் சோனி எச்டிவி கேமரா ஒன்று டிவி, டிவிகேம், எச்டிவி மூன்றையும் ஓட்டும். வாங்கும் முன் ஃபயர்வயரில் பத்து நிமிடமாவது ஏற்றிப் பாருங்கள். திரையில் படம் வருவதை மட்டும் நம்ப வேண்டாம்.

ஒரே விழா இரண்டு வகையில் இருந்தால் எச்டிவிக்கு முதலிடம். வேகமான அசைவுள்ள பகுதிகளிலும் பாட்டுக் கச்சேரியிலும் மட்டும் டிவியையும் சேர்த்து வையுங்கள். டிவி, டிவிகேம், டிஜிட்டல்8 மூன்றுக்குள் வகையைப் பார்க்காமல் எந்தக் கேமரா, எந்த வெளிச்சம் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஒரு தலைமுறை நகலாக விஎச்எஸ்ஸிலோ டிவிடியிலோ கொடுத்தது கையில் இருந்தால், மூல டேப் ஸ்டூடியோவில் இன்னும் இருக்கிறதா என்று ஒரு போன் போட்டுக் கேட்பது நல்லது.

வீட்டார் பார்ப்பதற்கு எம்பி4 தேவைப்படும். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில், இரண்டு ஃபீல்டையும் பிரித்து முழுப் படமாக்கும் டீஇன்டர்லேஸ் தெரிவில் யாடிஃபும் ‘பாப்’ முறையும் வைத்தால் நொடிக்கு 50 ஃப்ரேம் வரும், அசைவு நேரில் பார்த்ததுபோல் வழுக்கிக்கொண்டு போகும். பால் டிவி 4:3 படத்தை 768க்கு 576 என்றும், 16:9 படத்தை 1024க்கு 576 என்றும் வையுங்கள், இல்லாவிட்டால் முகங்கள் இழுபடும். எம்பி4 வந்துவிட்டது என்று மூல டிவி கோப்பை அழித்துவிடாதீர்கள். 12.96 ஜிபி கோப்பை இரண்டு வேறு ஹார்ட் டிஸ்க்கில் வைத்து, டேப்பை முழுக்க ரீவைண்ட் செய்து, டப்பாவில் நிமிர்த்தி, சிலிக்கா ஜெல் பையோடு பீரோவின் மேல்தட்டில் அடுக்குங்கள்.